ஓடம் ஏறும் வண்டியும் அதன் தடையும்

"ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்" என்பது நம்மவர் நாவிற் பயின்ற பழமொழி. வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்பதை உணர்த்துதற்கே முன்னோர் இதனை வழங்கினர். தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்வோராகிய நாமோ, இதனை உவமையாக அன்றி உள்ளபடியே கண்ணாரக் கண்டுவிட்டோம்.

1937-ம் வருஷத்தில் நமது கல்லூரி பட்டணத்தின் இரைச்சலை நீத்துத் தாம்பரத்துக் குறுங்காட்டிற் குடியேறியபோது, இம்மேட்டு நிலத்திற்கு ஒருநாள் படகு வேண்டியிருக்கும் என்று எவரேனும் கூறியிருப்பின், கேட்டோர் நகைத்திருப்பர். 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதி தொடங்கி மறுநாட் காலை வரையில், ஓர் இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் உபரி நீரைத் தாங்கி வரும் அடையாறு, முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. செம்பரம்பாக்கத்து நீர் அவ்வாற்றிற் கலப்பது இன்னும் கீழே, திருநீர்மலைக்கு அருகில். ஆகவே இவ்வூர்கள் மூழ்கியது தங்கள் மேற்புறத்து ஏரிகளின் நீராலேயே. அந்நாளில் முதன்மாடியில் நின்று கைகாட்டிய மக்களை அணுகுதற்கு மோட்டார் வண்டிகள் உதவவில்லை, படகுகளே உதவின. அப்படகுகளில் பல, கடற்கரையூர்களிலிருந்து லாரிகளில் ஏற்றிக் கொணரப்பட்டவை. 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலின்போதும் இக்காட்சி மீண்டும் நிகழ்ந்தது. கேரள தேசத்திலும் 2018-ம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டிற்கு விரைந்து பல்லாயிரவரைக் காத்தனர் என்பதை உலகம் அறியும்.

ஆகவே படகு வண்டியில் ஏறுதல் இனி நமக்குப் பழமொழி அன்று; நகரத்தின் ஏற்பாடுகளுள் ஒன்று. அவ்வண்டி எத்தகையதாய் இருத்தல் வேண்டும், சிறப்பாக அதன் தடை எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் யான் ஆராயப் புகும் பொருள். கல்லூரி மலரில் எழுதுதற்கு இது மிகச் சிறிய விஷயம் என்று சிலர் கருதக்கூடும். பெரிய ஆபத்துக்களில் மனிதர் உயிரைக் காப்பதும் மாய்ப்பதும் பெரும்பாலும் இத்தகைய சிறிய விஷயங்களே என்பது என் அபிப்பிராயம்.

இவ்விஷயம் என் கருத்தில் புகுந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லுகிறேன். நம் பழைய மாணவர் ஒருவர் கிழக்குக் கடற்கரைச் சாலையருகே சிறு படகொன்றும், அதனை ஏற்றிச் செல்லும் இரு சக்கர வண்டியொன்றும் வைத்திருந்தார். இவ்வகை வண்டியைத் தொழிலாளர் 'டிரெய்லர்' என்பர்; தானே ஓடாது, ஜீப்போ டிராக்டரோ முன்னின்று இழுக்க ஓடுவது. அதன் தடை பிரேக் ஆயிலால் இயங்கும் ஹைட்ராலிக் தடை. கடல்நீரில் இறங்கி இறங்கி அது துருவேறிச் செயலற்றுப்போனது. அவர் அதனை நீக்கிவிட்டு மின்சாரத் தடையைப் பொருத்தி, வண்டியைத் தாம்பரத்தில் நிறுத்தி, வெள்ள காலத்தில் ஊராருக்கு உதவும்படி செய்ய விரும்பினார். அவருடன் யானும் தாம்பரத்திலுள்ள ஒரு பட்டறைக்குச் சென்றேன். பட்டறைக்கு உடையவர் வயது முதிர்ந்த மெக்கானிக். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, மாற்றித் தருவது ஒரு நாள் வேலை. ஆனால் வெள்ளத்தன்று இதை இழுக்க எந்த வண்டி வருமோ, யார் கண்டார்கள்? அதை முதலில் யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். "என்ன ஐயா, புதியது பழையதைவிட நல்லதுதானே?" என்றேன் யான். அவர் சிரித்து, "நல்லது கெட்டது பிரேக்கில் மட்டும் இல்லை தம்பி, அதை யார் மிதிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது" என்றார். அம்முதியவர் சொற்கள் பல நாள் என் நெஞ்சில் நின்றன. இக்கட்டுரை ஒருவாறு அவருக்கு யான் கூறும் விடையேயாம்.

முதலில் தடை என்பதன் இயல்பை நோக்குவோம். நம் மொழியில் 'முட்டுக்கட்டை' என்பது ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. நற்காரியத்தைத் தடுப்பவனை முட்டுக்கட்டை போடுகிறான் என்கிறோம். ஆனால் தேரோட்டம் கண்டோர் இங்ஙனம் பழியார். வடம் பிடித்து இழுப்போர் ஆயிரவராயினும், தேரை நிறுத்துவோரும் திருப்புவோரும் சக்கரத்தின் அடியில் கட்டை கொடுக்கும் சிலரே. அவர்கள் கண் இமைப்பின் கேடு விளையும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரமுள்ளது. திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலையார் அதற்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் தடையும் அமைத்துக் கொடுத்துள்ளனர். பழமைக்குப் பேர்போன தேரே தன் தடையை மாற்றிக்கொள்ள உடன்பட்டதாயின், படகு வண்டி மாற்றிக்கொள்வதில் வியப்பென்ன?

தடை செய்யும் வேலை, ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றுதல். அவ்வாற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகுவது. மணிக்கு 20 கிலோமீட்டர் செல்லும் வண்டியை நிறுத்துவதைக் காட்டிலும், 40 கிலோமீட்டர் செல்லும் அதே வண்டியை நிறுத்துவதற்கு நான்கு மடங்கு வேலை வேண்டும். படகும் வண்டியும் சேர்ந்து ஆயிரம் கிலோ எடை எனக் கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதனை ஒருமுறை நிறுத்துங்கால் எழும் வெப்பம், ஒரு குவளை தண்ணீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. பின்வண்டிக்குத் தடை இல்லையாயின் இவ்வேலை முழுவதும் முன்வண்டியின் தடைமேல் விழும். ஈரச் சாலையில் பின்வண்டி முன்வண்டியை உந்தி, மடக்கி, பக்கவாட்டில் எறிந்துவிடவும் கூடும். நம் நாட்டுச் சாலைகளில் தடை இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள் நெல்லும் மணலும் செங்கலும் ஏற்றித் திரிவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆகவே எத்தடை சிறந்தது என்று வினவுமுன், தடை ஒன்று இருத்தல் வேண்டும் என்பதை வற்புறுத்திக் கூறுகிறேன்.

நிற்க. ஹைட்ராலிக் தடையின் அமைப்பு மிக எளியது. முன்வண்டியோடு பூட்டும் மூக்குப் பகுதி சிறிது பின்னோக்கி நழுவும்படி செய்யப்பட்டுள்ளது. முன்வண்டி வேகம் குறைத்தால் பின்வண்டி அதன்மீது சாய்ந்து உந்தும். அவ்வுந்துதலே மூக்கினுள் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டை அமுக்கும். அங்கே எழுந்த அழுத்தம், பாஸ்கல் கண்ட விதிப்படி, குழாய் வழியே பிரேக் ஆயிலிற் பரவிச் சக்கரங்களை அடைந்து, தடைக் கட்டைகளை டிரம்மின் உட்சுவரோடு அழுத்தும். முன்வண்டியோடு ஒரு கம்பியும் இணைக்க வேண்டுவதில்லை. ஓட்டுநர் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. கொக்கி பொருந்தும் எந்த வண்டியும் இதனை இழுத்துச் செல்லலாம். பட்டறை முதியவர் குறிப்பிட்ட பெருஞ்சிறப்பு இதுவே. ஐரோப்பியத் தேசங்களில் சிறு டிரெய்லர்கள் இன்றும் இவ்வுந்துதல் முறையாலேயே தடைபெறுகின்றன. அங்கே அவ்வுந்துதலைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்வது பெரும்பாலும் கோலும் கம்பியுமாகும்.

இதன் குறைகளும் உள. முதலாவது, தடை ஓட்டுநரின் கையில் இல்லை. முன்வண்டி வேகம் குறைந்தாலன்றிப் பின்வண்டியின் தடை பிடிக்காது. பின்வண்டி ஆடத் தொடங்கினால் அதனை மட்டும் பின்னின்று பிடித்து நேராக்கவும் முடியாது. இரண்டாவது, ஏரிக்கரைபோன்ற மேட்டின்மீது வண்டியைப் பின்னோக்கித் தள்ளும்போது மூக்கு அமுங்கி, வேண்டாத இடத்தில் தடை பிடித்துக்கொள்ளும். அதனை விலக்க வேறொரு பூட்டு வேண்டும். மூன்றாவது, பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சாதாரண வகை ஆயில் புதிதாயிருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திற்றான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகையாகிவிடுகிறது. அன்றியும் அவ்வீரம் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கும். நாள்தோறும் ஓடும் வண்டியில் இது விரைவில் வெளிப்படும். பத்து மாதம் நின்று இரண்டு மாதம் மட்டும் வேலை செய்யும் வெள்ளப் படகு வண்டியிலோ, வேண்டிய நாளன்றே வெளிப்படும்.

இனி மின்சாரத் தடையை நோக்குவோம். மோட்டார் வண்டிக்கு வேகமானி செய்து பெயர்பெற்ற வார்னர் என்னும் அமெரிக்கர் 1920-களில் இதனைத் தொழிலாக வளர்த்தார். சக்கர டிரம்மின் உள்ளே சிறு மின்காந்தம் ஒன்று உண்டு. ஓட்டுநர் தடையை மிதித்தவுடன், அவர் அருகிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி 12 வோல்ட் பாட்டரியிலிருந்து அளவான மின்சாரத்தைக் கம்பி வழியே அனுப்பும். காந்தம் உயிர்பெற்றுச் சுழலும் டிரம்மின் முகத்தைப் பற்றும். டிரம் அதனைத் தன்னோடு இழுக்க முயலும். அவ்விழுப்பு ஒரு நெம்புகோலைத் திருப்பித் தடைக் கட்டைகளை விரிக்கும். காந்தத்தின் வலிமை சிறிதே. வண்டியை நிறுத்தும் வலிமையைச் சுழலும் சக்கரமே தருகின்றது. சக்கரம் ஒன்றிற்கு ஏறத்தாழ மூன்று ஆம்பியர் மின்சாரமே போதும். பகைவன் வேகத்தைக் கொண்டே அவனை வீழ்த்தும் மல்லனைப்போல், இத்தடை சக்கரத்தின் ஓட்டத்தைக் கொண்டே சக்கரத்தை அடக்குகிறது.

இதனால் விளையும் நன்மைகள் யாவை? பெட்டியிலுள்ள சிறு நெம்புகோலைத் தொட்டால் பின்வண்டியின் தடை மட்டும் தனியே பிடிக்கும். ஆடும் வண்டி நேராகும். சுமைக்கு ஏற்பத் தடையின் கடுமையைக் கூட்டவும் குறைக்கவும் ஆகும். படகை நீரில் விட்டு வெறும் வண்டியாய்த் திரும்பும்போது, ஈரச் சாலையில் சக்கரம் இறுகி வழுக்காதபடி குறைத்துக்கொள்ளலாம். வெள்ள நீரைக் கடந்து வந்த எந்தத் தடைக் கட்டையும் நனைந்து பிடியிழக்கும். மின்சாரத் தடையாயின், மெல்ல ஓடிக்கொண்டே நெம்புகோலை இலேசாக அழுத்தி, கட்டைகளைச் சூடேற்றி உலர்த்திவிடலாம். உந்துதலால் இயங்கும் தடையில் இஃது இயலாது. முடிச்சூர்ச் சாலையில் முழங்கால் நீரைக் கடந்து மீண்டும் நெடுஞ்சாலைக்கு வரும் வண்டிக்கு இது சிறு நன்மை அன்று.

சோதித்தற்கு எளிமையும் உண்டு. இரு சக்கர வண்டியின் தடைக்கம்பியில் ஓர் அம்மீட்டரை இணைத்துப் பார்த்தால், ஆறு ஆம்பியர் அளவில் காட்டினால் இரு காந்தங்களும் நலம்; மூன்று காட்டினால் ஒன்று செத்தது; ஒன்றும் காட்டாவிடில் கம்பி அறுந்தது. இந்த எண் கம்பியின் நலத்தையும் காந்தத்தின் நலத்தையும் மட்டுமே கூறும். கட்டை தேய்ந்ததா, நெம்புகோல் துருவால் இறுகியதா என்பதை அறிய, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையாற் சுழற்றி, தடை பிடிக்கிறதா என்று காணுதல் வேண்டும். இரண்டு மாணவர் அரை மணியிற் செய்யக்கூடிய வேலை இது.

இதற்கும் குறை உண்டு. உப்புநீர் காந்தத்திற்கும் கம்பி இணைப்புக்களுக்கும் கொடிய பகை. அதுபற்றியே படகு வண்டிகள் பலவற்றில் ஹைட்ராலிக் தடை வழங்குகிறது. இன்னொரு குறை, கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாத வண்டி இழுத்தால் இத்தடை வெறும் இரும்பு. மூன்றாவதும் மிகப் பெரியதும் யாதெனில், மின்சாரம் உள்ளவரைதான் தடை உண்டு. கம்பி அறுந்தால் யாதொரு ஓசையுமின்றித் தடை மறைந்துவிடும்.

இவ்விடத்தில் இரயில்வேயின் சரித்திரம் நமக்கு ஆசானாகும். வெஸ்டிங்ஹவுஸ் என்பார் 1869-ம் வருஷத்தில் முதன்முதற் செய்த காற்றுத் தடையில், குழாயில் காற்று ஏறினாற்றான் தடை பிடிக்கும். குழாய் அறுந்தால் தடை இல்லை. இக்குறையை உணர்ந்து அவர் 1872-ம் வருஷத்தில் முறையையே தலைகீழாக்கினார். குழாயில் காற்று இருக்கும்வரை தடை விலகி நிற்கும். காற்று போனால், வண்டி அறுந்தால், தடை தானே பிடிக்கும். இங்ஙனம் கெட்டபோதும் காப்பாற்றும் தடை வேண்டும் என்பதை உலகம் எளிதில் ஏற்கவில்லை. 1889-ம் வருஷம் அயர்லாந்தில் ஆர்மா என்னும் ஊரருகே, உல்லாசப் பிரயாணம் சென்ற இரயிலின் பின்பகுதி பிரிக்கப்பட்டு, சரிவிற் பின்னோக்கி ஓடி, ஏறத்தாழ எண்பது பேர், அவருட் பலர் குழந்தைகள், மாண்டனர். அதன் பின்னரே பிரிட்டிஷ் பார்லிமெண்டு அவ்வாண்டிலேயே தானியங்கித் தடையைக் கட்டாயமாக்கிற்று. நம் கண்முன் ஓடும் தாம்பரம் மின்சார இரயில் 1931-ம் வருஷத்தில் தொடங்கியது. இப்போது அத்தடத்தில் ஓடும் புதிய வண்டிகளில் மோட்டாரே தடையாகி, நிற்கும்போது மின்சாரத்தை மீண்டும் கம்பிக்கே அனுப்புகிறது. எனினும் காற்றுத் தடையை அவ்வண்டிகள் கைவிடவில்லை. புதியதை ஏற்றுப் பழையதைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் அறிவு அது.

படகு வண்டிக்கும் இத்துணை உண்டு. வண்டியிலேயே சிறு பாட்டரி ஒன்றும், முன்வண்டியோடு ஒரு கம்பியாற் கட்டிய முளை ஒன்றும் வைப்பர். கொக்கி கழன்றால் முளை பிடுங்கப்படும். உடனே சிறு பாட்டரி காந்தங்களுக்கு மின்சாரம் அளித்து வண்டியை நிறுத்தும். அமெரிக்காவில் இங்ஙனம் பிரிந்த வர்த்தக வண்டியின் தடை குறைந்தது 15 நிமிஷம் பிடித்து நிற்க வேண்டும் என்பது விதி. ஹைட்ராலிக் தடைக்கும் இத்தகைய அறுவுக் கம்பி உண்டு. ஆயினும் மின்சாரத் தடையில் அச்சிறு பாட்டரியே வண்டியின் கடைசி உயிர். அது வறண்டு கிடந்தால் முளையும் கம்பியும் வெறும் அலங்காரமே.

மாற்றும் வேலை எத்தகையது என்பதையும் ஒருசிறிது கூறுவேன். அச்சின் முனையிலுள்ள தகட்டில் துளைகளின் எண்ணும் இடைவெளியும் பொருந்துமாயின், பழைய தடைத்தட்டைக் கழற்றிப் புதியதைப் பூட்டலாம். இடது தட்டையும் வலது தட்டையும் மாற்றிப் பூட்டலாகாது. பழைய டிரம் பெரும்பாலும் பயன்படாது. காந்தம் பற்றுதற்கு இழைத்த தட்டையான முகம் அதில் இராது. நழுவும் மூக்கை நழுவாதபடி இறுக்கிவிடுதல் வேண்டும், அல்லது வேறு மூக்கு பொருத்துதல் வேண்டும். கம்பி தடித்ததாய் இருத்தல் வேண்டும். மெல்லிய கம்பியில் மின்சாரம் வழியிலேயே மெலிந்து காந்தத்தை அடையும். சட்டத்தின் துருவை நம்பி அதனையே திரும்பும் வழியாகக் கொள்ளாது, தனிக் கம்பி இட வேண்டும். நீரில் இறக்குமுன் பிளக்கைக் கழற்றிவிடுதலும், சக்கரத்தின் குடம் ஆறும்வரை பொறுத்தலும் வழக்கமாதல் வேண்டும். சூடான குடம் குளிர்ந்த நீரில் மூழ்கினால், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி அழுக்கு நீரைப் பேரிங்கினுள் இழுத்துக்கொள்ளும்.

இவையனைத்தையும் சீர்தூக்கி யான் அடைந்த முடிபு இது. கோவளத்திலும் நீலாங்கரையிலும் உப்புநீரில் நாள்தோறும் இறங்கும் வண்டிக்கு மின்சாரத் தடை வேண்டா. ஹைட்ராலிக் தடையே இருக்கட்டும், ஒவ்வொரு நாளும் நன்னீரால் கழுவப்படட்டும். தாம்பரத்தில் வெள்ளத்திற்கென்றே நிறுத்திவைக்கும் வண்டிக்கோ மின்சாரத் தடையே தக்கது. இங்கே அது மூழ்கும் நீர் அழுக்காயினும் உப்பன்று. மூழ்குவதும் ஆண்டில் சில நாளே. மற்ற நாளெல்லாம் நின்று கெடாதிருப்பதும், எளிதிற் சோதிக்கப்படுவதுமே அதற்கு முதன்மையான குணங்கள்.

எனினும் பட்டறை முதியவரின் வினாவைத் தாண்டி இம்முடிபு நிற்க இயலாது. எந்த வண்டி இழுக்கும்? யார் ஓட்டுவார்? இவ்வினாக்களுக்கு மழைக்கு முன்னரே விடை இல்லையாயின், மாற்றாதிருத்தலே நலம். ஆகவே மூன்று நிபந்தனைகள் கூறுகிறேன். கட்டுப்பாட்டுப் பெட்டியும் பொருத்தமான பிளக்கும் உடைய இழுவண்டிகள் ஒன்றல்ல, இரண்டு, பெயர் குறித்து ஏற்படுத்தப்படுதல் வேண்டும். அவற்றை ஓட்டக் குறைந்தது நான்கு பேர் பயிற்சி பெறுதல் வேண்டும். மாதம் ஒருமுறை அம்மீட்டரும் ஜாக்கியும் கொண்டு தடையும், சிறு பாட்டரியும் சோதிக்கப்பட்டு, ஒரு புத்தகத்தில் எழுதப்படுதல் வேண்டும். இம்மூன்றும் இயலாத ஊர், எவரும் இழுக்கக்கூடிய பழைய தடையைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளட்டும். பொருள் மிகுதியும் உள்ளோர்க்கு வேறொரு வழியும் உண்டு: ஓட்டுநர் அனுப்பும் மின்சாரம் வண்டியிலுள்ள சிறு பம்பை இயக்க, அப்பம்பு பிரேக் ஆயிலை அழுத்தும் இரட்டைத் தடை.

"லாரியில் ஏற்றினால் போதாதோ? தனி வண்டியும் அதற்கொரு தடையும் எதற்கு?" என்று வினவுவோர் உண்டு. லாரியில் படகை ஏற்றவும் இறக்கவும் பத்துப் பதினைந்து பேர் தோள் கொடுத்தல் வேண்டும், அல்லது கிரேன் வேண்டும். வெள்ளத்தன்று ஆளும் அரிது, கிரேனும் அரிது. வண்டியில் உள்ள படகையோ, நீர் விளிம்பில் பின்னோக்கித் தள்ளி, இருவர் மிதக்கவிடலாம். நகர்களின் குறுகிய தெருக்களில் லாரி நுழையாத இடத்திலும் அது நுழையும். மேலும், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் அரக்கோணத்திலிருந்து வருதல் வேண்டும். மீனவர் கடற்கரையிலிருந்து வருதல் வேண்டும். அவர்கள் வருவர், வந்தும் இருக்கின்றனர். ஆயினும் பெருங்காற்றில் தம் குடிசையும் வலையும் என்னாகுமோ என்று அஞ்சும் அம்மீனவரை, ஒவ்வொரு வெள்ளத்திலும் நாம் அழைத்துக்கொண்டே இருத்தல் நீதியாகுமா? தன் பிழைப்பிற்கான படகை நம் தெருவின் மதிலிலும் இரும்புக் கம்பியிலும் உரசவிட்டு அவர் நம்மைக் கரையேற்றினார். அவருக்கு நாம் செய்யும் நன்றி, அடுத்தமுறை அவர் வருமுன் நம் படகு புறப்பட்டிருத்தலே.

ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றுசேர்ந்து 2021-ம் வருஷத்தில் தாம்பரம் மாநகராட்சியாயின. இத்துணைப் பெரிய நகரத்திற்குப் படகும் வண்டியும் சில வாங்கி வைத்தல் பெருஞ்செலவன்று. ஆனால் வாங்கி வைத்தல் எளிது. வைத்ததைக் காத்தலே அரிது. புதிய பொருளைக் கண்டால் மாலை சூட்டி மகிழ்வதும், மறு வருஷம் அதன் டயர் மண்ணில் புதைந்து கிடப்பதும் நம் வழக்கமாகிவிட்டன. இங்கேதான் நம் கல்லூரி மாணவர்க்கு வேலை உண்டு. பௌதிக வகுப்பில் காந்தமும் மின்னோட்டமும் கற்கும் வாலிபர், மாதம் ஒருமுறை அம்மீட்டரோடு அவ்வண்டியின் அருகிற் சென்று நிற்பாராயின், பாடமும் உயிர்பெறும், ஊரும் உயிர்பெறும். அக்டோபர் மாதம் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் நான்கு சோதனைகளேனும் நடந்திருத்தல் கூடும்.

நம் பழைய மாணவர் பட்டறைக்கு இரண்டாம் முறை சென்றபோது, இழுக்கும் ஜீப்பையும் கூடவே கொண்டு சென்றார். ஓட்டுவோர் இருவரையும் அழைத்துச் சென்றார். முதியவர் அவர்களை நோக்கி, "இப்போது மாற்றலாம்" என்று மட்டும் சொல்லி, ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

விரைந்து செல்லும் ஆற்றலை இக்காலம் நமக்கு வேண்டிய அளவு தந்துவிட்டது. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு நிற்கும் ஆற்றலை நாமே பயின்று தேடிக்கொள்ளுதல் வேண்டும். ஓடம் மீண்டும் ஒருநாள் வண்டியில் ஏறும். அன்று அவ்வண்டி தடை உடையதாய், தடை உயிர் உடையதாய், அதனை அறிந்த கையொன்று அருகில் உடையதாய் இருக்கும்படி இன்றே செய்தல் நம் கடமை என்பதே என் துணிபு.